இரண்டாம் பக்கம், பதினோராவது நிமிடம்

அட்டையில் என் பெயர் இல்லை.
பியானோ: லுபோமிர் ஹவ்ரன்.
ஒலிப்பதிவு: யின்ட்ரிச் பெஷ்டா.
பியானோவுக்குச் சுதி கூட்டியவர்கூட
எறும்பு எழுத்தில் இருக்கிறார்.
தாள் புரட்டியவளுக்கு யார் பெயர் போடுவார்கள்.

ஆனால் தட்டில் இருக்கிறேன்.
இரண்டாம் பக்கம், பதினோராவது நிமிடம்,
மெல்ல நடக்கும் பகுதி முடிய நாலு அடி இருக்கையில்
ஒரு 'சர்'.
அக்காவிடம் இரவல் வாங்கிய நைலான் சட்டையின் கை
காகிதத்தில் உரசியது.
ஒற்றுப்பிழை அளவுதான்.

ப்ர்னோ, எழுபத்து நாலு, பிப்ரவரி.
முனகுகின்றன என்று
மண்டபத்தின் வெப்பக் குழாய்களை அடைத்திருந்தார்கள்.
பெஷ்டா கண்ணாடிக்கு அப்பால் கையைத் தூக்கினார்:
இன்னொரு முறை எடுக்கலாம்.
ஹவ்ரன் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு
முடியாது என்றார். இனி இப்படி வராது.
வாசித்தது அப்படியே நின்றது.
நானும் நின்றேன், அதற்குள்.
அவர் என்னை மறுபடி அழைக்கவில்லை.

விருந்தாளிகள் அந்தத் தட்டைக் கேட்டால்
பதினோராவது நிமிடத்தில் இருமுவேன்.
பதினெட்டு வருட இருமல்.
நல்லவேளை, ஊசி தொட்டுத்தான் படிக்கும்,
படித்ததைத் தேய்த்துவிட்டுப் போகும்.
தூசி சேர்ந்தது. பொரி பொரிக்கிற சத்தம் சேர்ந்தது.
கூட்டத்தில் புகுந்த திருடனாய்
என் 'சர்' மெல்லத் தலைமறைவானது.

பிறகு குறுந்தகடு வந்தது.
தொடாமலே படிக்குமாம், வெறும் ஒளியால்.
தட்டு விளிம்பில் தொடங்கி நடுவுக்கு வரும்;
இது நடுவில் தொடங்கி விளிம்புக்குப் போகும்.
எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டாம் என்று
ஸ்பினேக்குக்கு அதில்தான் சந்தோஷம்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
தூசியே இல்லாத ஊரில் எங்கே போய் ஒளிவேன்?

இருமத் தயாராக இருந்தேன்.
அந்த இடம் வந்தது.
கழுவித் துடைத்த தரை. நான் இல்லை.
யாரோ இயந்திரத்தை வைத்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள்.
அப்பாடா என்றுதான் நினைத்தேன்.
கெண்டியை அடுப்பில் வைத்தேன்.
தண்ணீர் நிரப்ப மறந்திருந்தேன்.

'இங்கே வா' என்றார் ஸ்பினேக்.
பின்னே ஓட்டினார். மறுபடி. மறுபடி.
பியானோவுக்குக் கீழே, தரைக்கும் கீழே,
ஒரு நீண்ட உறுமல்.
தட்டு வெட்டும்போது அடிக்கனத்தைக் குறைத்துவிடுவார்கள்,
ஊசி துள்ளிவிடும் என்று. அதனால் இத்தனை நாள் கேட்கவில்லை.

'ஒன்பதாம் எண் டிராம்' என்றார்.
'மண்டபத்துக்குப் பின்னால் திரும்புகிறது.
அந்தக் குளிர்காலம் அதை ஓட்டியவர்கள் மூன்று பேர்.
மற்ற இரண்டு பேரும் வளைவுக்கு முன்பே பிரேக் பிடிப்பார்கள்.
இது நான்.'

நாங்கள் சந்திக்க அப்போது இரண்டு வருடம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் குறுந்தகட்டுக் கட்சி.
அதன் தெளிவு, அதன் ஆழம் என்று
வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறார்.
நானோ, வெட்கமில்லாமல், தட்டுக் கட்சி.
அதன் கதகதப்பு என்கிறேன்.
இருவரும் பொய் சொல்கிறோம்.

ஒன்றில் அவர் இல்லை. இன்னொன்றில் நான் இல்லை.
பெஷ்டாவின் மூல நாடாவில்
இருவரும் இருந்திருப்போம்.
அந்தக் கிடங்கு இப்போது மெத்தைக் கடை.

போன ஞாயிறு இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டோம்.
அவர் பொத்தானில், நான் ஊசியில்,
மூன்று எண்ணிவிட்டு.
எங்கள் சுழல்மேடை கொஞ்சம் அவசரக்காரி.
இரண்டு பியானோக்கள் கைகோத்துக் கிளம்பி
மெல்ல விலகி, ஒன்றன் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு
பதினோராவது நிமிடத்துக்கு வந்தன.

யாரும் இருமவில்லை.
பொரிச் சத்தத்துக்கு நடுவே தாள் புரண்டது.
இரண்டு மூச்சு கழித்து
டிராம் வந்தது.

'எப்போதும் லேட்டு' என்றேன்.